ஏறிய கியரிலேயே இறங்கு

ஆற்றல் என்பது ஒன்று; அதனை எந்த இடத்தில், எந்த அளவில் செலவிட வேண்டும் என்று அறிந்திருப்பது வேறொன்று. முதலாவதை மனிதன் விரைவில் பெற்றுவிடுகிறான். இரண்டாவதைப் பெற அவனுக்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. சிலருக்கு ஓர் ஆயுளும் போதுவதில்லை. கட்டுப்பாடு என்பது ஆற்றலுக்கு வெளியே நின்று அதனைத் தடுக்கும் சுவரா? அன்றி, ஆற்றலுக்குள்ளேயே அமைந்து அதனைப் பயனுடையதாக்கும் ஒரு பகுதியா? அறத்தைப் பற்றிச் சிந்திப்போர் நெடுங்காலமாக எழுப்பிவரும் கேள்வி இது. இதற்கு விடை தேடப் பெரிய நூல்களைத்தான் புரட்ட வேண்டும் என்பதில்லை. கார் ஓட்டப் பழகும் ஓர் இளைஞனுக்கு அருகில் ஒரு வாரம் அமர்ந்திருந்தாலும் போதும்.

பழகத் தொடங்கும் இளைஞனின் எண்ணத்தில் ஆக்சிலேட்டர்தான் வண்டி. அதை மிதித்தால் ஓடும். நன்றாக மிதித்தால் நன்றாக ஓடும். ஆனால் பழக்கிவிடுபவர் முதலில் காட்டுவது ஆக்சிலேட்டரை அன்று, இடது காலுக்குரிய கிளட்சை. எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போதே நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 சுற்றுச் சுற்றுகிறது. சக்கரமோ அசையாமல் நிற்கிறது. சுழல்வதையும் நிற்பதையும் ஒன்று சேர்க்க வேண்டும். திடீரென்று சேர்த்தால் வண்டி ஒரு குதி குதித்து, எஞ்சின் நின்றுவிடும். கிளட்சை மெல்ல மெல்ல விடும்போது இரண்டும் சற்றே வழுக்கி, உராய்ந்து, பிறகு ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. அந்த ஓரிரு வினாடிகளில் இடது கால் காட்டும் பொறுமையே வண்டியை நகர்த்துகிறது. முதல் நாள் பத்து முறை எஞ்சினை நிறுத்திவிட்டு வியர்த்துப்போகும் இளைஞன் உணர்ந்துகொள்வது இதுதான்: வலிமை இருந்தும் வண்டி நகரவில்லை, வலிமையை ஒப்படைக்கும் முறை தெரியாததால் நகரவில்லை.

அடுத்து வருவது கியர். இது ஏன் தேவைப்படுகிறது? ஓர் எஞ்சினால் எல்லா வேகத்திலும் ஒரே அளவு இழுவையைத் தர இயலாது. மிகக் குறைந்த சுழற்சியில் அது திணறும். ஆகவே அது தனக்குரிய சுழற்சியில் ஓடும்போதே சக்கரம் மெதுவாகச் சுழல ஓர் ஏற்பாடு வேண்டியிருக்கிறது. சிறிய கார்களில் பொதுவாக முதல் கியரில் எஞ்சின் ஏறத்தாழ மூன்றரைச் சுற்றுச் சுற்றினால்தான் கியர்ப்பெட்டியின் வெளித்தண்டு ஒரு சுற்றுச் சுற்றும். நான்காம் கியருக்கு வரும்போது இந்த விகிதம் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்றாகிவிடுகிறது. முதல் கியரில் இழுவை மிகுதி, வேகம் குறைவு. மேல் கியரில் வேகம் மிகுதி, இழுவை குறைவு. ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றொன்றைப் பெற முடியும். இரண்டையும் ஒருசேரத் தரும் கியரை எந்தப் பொறியாளரும் இதுவரை செய்ததில்லை. இனிச் செய்யவும் இயலாது. உலகில் எந்த வசதியும் விலையில்லாமல் கிடைப்பதில்லை என்பதை இத்தனை தெளிவாகக் காட்டும் பொருள் வீட்டு வாசலில் நிற்கிறது. நாம்தான் அதை வண்டி என்று மட்டும் பார்க்கிறோம்.

பழகுநர் செய்யும் பிழைகள் இரண்டு வகை. ஒருவன் அவசரக்காரன். வண்டி நகர்ந்ததும் இரண்டு, மூன்று, நான்கு என்று தாவி மேல் கியருக்குப் போய்விடுகிறான். வேகமோ இன்னும் இருபதைத் தாண்டவில்லை. எஞ்சின் தடதடவென்று அதிர்கிறது. ஏற்றம் வந்தால் முனகி நின்றுவிடுகிறது. மற்றவன் அச்சக்காரன். முதல் கியரை விட்டு மேலே போக அவனுக்கு மனம் வருவதில்லை. எஞ்சின் வீறிடுகிறது, எரிபொருள் கரைகிறது, வண்டி மட்டும் சைக்கிளுக்குப் பின்னால் ஊர்கிறது. இருவருமே வண்டியைத் துன்புறுத்துகிறார்கள். ஆகவே மெதுவாகப் போவது அறம், விரைந்து போவது பாவம் என்று யாரும் எளிதாகச் சொல்லிவிட முடியாது. நெடுஞ்சாலையில் காரணமின்றி ஊர்ந்து செல்பவனும் பின்னால் வருபவனுக்கு இடையூறுதான். நிதானம் என்ற சொல்லை மந்தம் என்று பொருள் கொண்டு நாம் கெடுத்துவிட்டோம். ஏற்றத்துக்கு ஏற்ற கியர், சமவெளிக்கு ஏற்ற கியர், சந்துக்கு ஏற்ற கியர் என்று இடமறிந்து மாறுவதே நிதானம்.

கியர் மாற்றுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. பழைய லாரிகளில் கிளட்சை ஒரு முறை மிதித்துக் கியரை மாற்றிவிட முடியாது. மிதித்து, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, கீழ்க் கியருக்குப் போவதானால் ஆக்சிலேட்டரைச் சிறிது தட்டி, மறுபடியும் மிதித்த பின்னரே அடுத்த கியரில் போட வேண்டும். உள்ளே சுழலும் இரு பகுதிகளின் வேகமும் ஒத்தால்தான் பற்கள் பொருந்தும். இல்லையேல் கறகறவென்ற ஓசை தெருக்கோடி வரை கேட்கும். வேகங்களைத் தானாகவே ஒத்துப்போகச் செய்யும் அமைப்பை 1928-இல் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனம் தன் கார்களில் கொண்டுவந்தது. அதன் பின்னர் ஓட்டுநரின் வேலை எளிதாயிற்று. ஆனால் உண்மை மாறவில்லை. வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டைச் சேர்க்க வேண்டுமானால், யாரேனும் ஒருவர் தம் வேகத்தை மற்றவரின் வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். பேரப் பிள்ளையின் கைபிடித்து நடக்கும் பெரியவர் இதைத்தான் செய்கிறார்.

இவையெல்லாம் ஏறுவதற்குரிய பாடங்கள். இறங்குவதற்குரிய பாடம் இவற்றினும் அரியது. நாம் எடுத்துக்கொண்ட கேள்விக்கு விடையும் அங்கேதான் இருக்கிறது.

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் பாதையில் 36 வளைவுகள். சரிவு மிகச் செங்குத்தான பாதை அது. கீழ்க் கியரிலேயே இறங்குங்கள் என்று அறிவிப்புப் பலகைகள் எச்சரிக்கின்றன. மலையேறும்போது இந்த எச்சரிக்கை யாருக்கும் தேவைப்படுவதில்லை. மேல் கியரில் ஏற முயன்றால் வண்டியே மறுத்துவிடும். ஆனால் இறங்கும்போது வண்டி எதையும் மறுப்பதில்லை. எந்தக் கியரிலும் இறங்கும். கியரே இல்லாமலும் இறங்கும். எஞ்சினை நிறுத்திவிட்டாலும் இறங்கும். தடை சொல்லாத அந்த இணக்கத்தில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

இறங்கும் வண்டியைப் பிரேக் ஒன்றினாலேயே அடக்கிக்கொண்டு வருகிறான் ஒருவன் என்று வைத்துக்கொள்வோம். மலை உயரத்திலிருந்து அந்த வண்டி இழக்கும் ஆற்றல் முழுவதும் பிரேக் லைனிங்கில் வெப்பமாக மாறுகிறது. நான்கு வளைவுகள் வரை ஒன்றும் தெரிவதில்லை. பத்தாவது வளைவில் கருகும் நாற்றம் வருகிறது. அதன் பின்னும் மிதித்துக்கொண்டே வந்தால், சூடேறிய லைனிங்கின் பிடிப்புக் குறைகிறது, பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியானால், மிதித்த கால் தடையின்றித் தரைவரை போகிறது, வண்டி நிற்பதில்லை. ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று செய்தித்தாளில் படிக்கிறோம். பல வேளைகளில் உண்மை என்னவென்றால், அளவுக்கு மீறிப் பிடிக்கச் சொன்னதால் அது பிடிக்காமல் போயிற்று.

அனுபவமுள்ள ஓட்டுநர் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார்: எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரிலேயே இறங்கு. இரண்டாம் கியரில் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், இப்போது சக்கரம் எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருக்கிறது. எஞ்சினின் உட்புற உராய்வும் காற்றை இழுத்து அழுத்தும் சுமையும் சக்கரத்தின் ஓட்டத்தைப் பின்னுக்கு இழுக்கின்றன. கீழ்க் கியராக இருப்பதால் அந்த இழுப்புப் பன்மடங்காகிறது. ஏறும்போது எந்த எஞ்சின் வண்டியை மேலே தள்ளியதோ, அதே எஞ்சின் இறங்கும்போது அதனைத் தாங்கிப் பிடிக்கிறது. பிரேக் இடையிடையே மட்டும் தொட்டு விடுவதற்கு மிஞ்சுகிறது. வளைவில் திடீரென்று ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தால் முழு வலிமையுடன் பிடிக்கத் தயாராகக் குளிர்ந்து இருக்கிறது.

எரிபொருள் மிச்சம் என்று எண்ணி நியூட்ரலில் விட்டு இறங்குபவர்கள் உண்டு. அவர்கள் மிச்சப்படுத்துவது சில துளிகள். இழப்பது எஞ்சினின் துணையை. வாழ்விலும் இப்படித்தான். கடன் பட்டு, கண் விழித்து, கடை வைத்து முன்னேறியவர், முன்னேறிய பின்பு நியூட்ரலில் விட்டுவிடுகிறார். ஏறுவதற்குத் துணையாயிருந்த கணக்கும் சிக்கனமும் இறக்கத்தில் தேவையில்லை என்று நினைக்கிறார். செல்வம், புகழ், இளமை ஆகியவை வழுக்கும் சரிவுகள். அவற்றில் எதுவும் நம்மை மறுப்பதில்லை. ஏறியபோது இருந்த கியர் அங்கேதான் மிகுதியும் தேவை.

இப்போது நம் கேள்விக்குத் திரும்புவோம். கட்டுப்பாடு வெளியிலிருந்து வருவதா, உள்ளிருந்து வருவதா? பிரேக் என்பது ஓட்டத்தை எதிர்த்து நிற்பது. காவலர், கண்காணிப்புக் காமிரா, அபராதம், வேகத்தடை ஆகிய எல்லாம் இந்த இனத்தைச் சேர்ந்தவை. வேகத்தடை வரும் இடத்தில் வண்டிகள் குனிந்து வணங்குவது போல் மெதுவாகின்றன; தாண்டிய மறுகணமே பழைய வேகத்துக்குப் பாய்கின்றன. அந்தத் தடை அந்த நான்கடி நிலத்தைத்தான் காத்தது. ஓட்டுபவனின் உள்ளத்தை அது தொடவில்லை. எஞ்சினாலேயே தாங்கிக்கொண்டு இறங்குபவனோ வேறு மாதிரி. அவனுடைய ஆற்றலே அவனுடைய அடக்கமாகவும் இருக்கிறது.

அப்படியானால் சட்டமும் தண்டனையும் வேண்டாமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எஞ்சினின் பிடிப்பு வண்டியின் வேகத்தைக் குறைக்குமேயன்றி முற்றாக நிறுத்தாது. நிறுத்தப் பிரேக்தான் வேண்டும். பிரேக் இல்லாத வண்டியை எத்தனை நல்ல ஓட்டுநரும் மலையில் இறக்கத் துணியமாட்டார். எல்லா மனிதரும் எல்லா வேளையிலும் தம்மைத் தாமே ஆள்வார்கள் என்று நம்பி ஒரு சமுதாயத்தை நடத்தவும் இயலாது. இரண்டும் தேவை. ஆனால் சுமையை எதன் மீது ஏற்றுவது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. சட்டத்தின் மீதே எல்லாச் சுமையையும் ஏற்றிவிட்ட சமுதாயம், பிரேக்கை மிதித்துக்கொண்டே மலை இறங்கும் வண்டியைப் போன்றது. தேவைப்படும் அந்த ஒரு கணத்தில் சட்டம் சூடேறித் தேய்ந்து போயிருக்கும்.

சரி, இந்த வேகத்தால் நாம் பெறுவதுதான் என்ன? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்துக் கிலோமீட்டர் தொலைவை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 15 நிமிடம் ஆகும். 60-இல் சென்றால் 10 நிமிடம். ஐந்து நிமிடம் மிச்சம். 80-இல் சென்றால் ஏழரை நிமிடம். மேலும் இரண்டரை நிமிடம்தான் மிச்சம். 100-இல் சென்றால் ஆறு நிமிடம். இன்னும் ஒன்றரை நிமிடம் கிடைக்கிறது. ஒவ்வொரு முறையும் கூட்டுவது அதே இருபதுதான். கிடைப்பதோ குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் ஆபத்து அப்படிக் குறைவதில்லை. வேகம் இருமடங்கானால் வண்டி சுமந்து செல்லும் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன், ஆபத்தைக் கண்டு காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோகும் ஒரே வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறான். அந்தப் பதினேழு மீட்டரில் அவன் ஓட்டுநரே அல்லன், வெறும் பயணி.

இந்தக் கணக்கில் இன்னும் கனமான ஒரு பகுதி இருக்கிறது. மிச்சப்படும் நிமிடங்கள் யாருக்கு? ஓட்டுபவனுக்கு. கூடும் ஆபத்து யாருக்கு? அவனுக்கு மட்டுமன்று, பள்ளிக்கூடம் விட்டு வரும் சிறுமிக்கு, தலையில் கூடையுடன் சாலையைக் கடக்கும் மூதாட்டிக்கு, விளக்கில்லாத சைக்கிளில் வேலை முடிந்து திரும்பும் தொழிலாளிக்கு. அவர்கள் யாரும் இந்தப் பந்தயத்தில் பணம் கட்டவில்லை. அவர்களுடைய சம்மதத்தை யாரும் கேட்கவுமில்லை. தன் பொருளைத் தானே சூதில் வைப்பவனை அறிவிலி என்போம். பிறர் பொருளை எடுத்துச் சூதில் வைப்பவனுக்கு வேறு பெயர் உண்டு. மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேற்பட்டோரின் இறப்புக்குக் காரணமாகக் காட்டப்பட்டது மிகை வேகமே. சாலை என்பது எவருடைய சொத்துமன்று. அதில் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பது பிறர் உயிர் என்னும் அமானிதம்.

இன்று கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் கார்கள் பெருகிவிட்டன. மின்சாரக் கார்கள் பெரும்பாலானவற்றில் மாற்றுவதற்குக் கியரே இல்லை. அப்படியிருக்க இந்தப் பாடம் பழங்கதை ஆகிவிட்டதே என்று எண்ணத் தோன்றும். ஆகவில்லை. தானியங்கி வண்டியிலும் மலை இறங்குவதற்கென்று கீழ்க் கியரில் நிறுத்திவைக்கும் வசதியைப் பெரும்பாலும் வைத்தே அனுப்புகிறார்கள். அதைப் பயன்படுத்த வேண்டும் என்ற நினைவைத்தான் தொழிற்சாலையால் வைத்து அனுப்ப முடியவில்லை. மின்சார வண்டியிலோ ஒரு புதுமை இருக்கிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அதே மோட்டார் மின்னாக்கியாக மாறி வேகத்தைக் குறைக்கிறது. குறைந்த வேகத்தின் ஒரு பகுதி மின்சாரமாகி பேட்டரிக்குத் திரும்புகிறது. வெளியிலிருந்து பிடித்து நிறுத்தினால் வெறும் வெப்பமாக வீணாகும் ஆற்றல், உள்ளிருந்தே அடக்கினால் மறுபடியும் பயன்பட வந்து சேர்கிறது. கியர் மறைந்தாலும் பாடம் மறையவில்லை. முன்னிலும் தெளிவாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை தெருவில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பெற்றோர் நம்மிடையே இல்லாமல் இல்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கார் ஓட்டுவதற்கும் கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்கிறது. கியர் இல்லாத சிறிய இருசக்கர வண்டிக்கு 16 வயதில் இடமளித்தாலும், அதற்குப் பெற்றோரோ பாதுகாவலரோ எழுத்து மூலம் சம்மதம் தர வேண்டும் என்று கட்டளையிடுகிறது. 2019-இல் செய்த திருத்தத்தின்படி, உரிமமில்லாத சிறுவன் வண்டியோட்டிக் குற்றம் இழைத்தால், அவனுடைய பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் ஏற்க நேரும். சாவியைக் கொடுத்த கையும் ஓட்டிய கைதான் என்று சட்டமே கூறிவிட்டது.

ஆனால் சட்டம் நுழையாத ஓர் இடம் இருக்கிறது. பிள்ளை ஓட்டப் பழகுவது பதினெட்டு வயதில் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த அன்று அன்று. நான்கு வயதில் பின் இருக்கையில் நின்றுகொண்டு முன்னால் எட்டிப் பார்த்த நாளிலேயே அது தொடங்கிவிடுகிறது. வாப்பா சிவப்பு விளக்கில் என்ன செய்தார், முந்திச் சென்றவனைப் பார்த்து என்ன சொன்னார், பள்ளிக்கூடத்தருகே கியரைக் குறைத்தாரா ஹாரனை அழுத்தினாரா என்பதையெல்லாம் அந்தக் கண்கள் எழுதி வைத்துக்கொள்கின்றன. பயிற்சிப் பள்ளியில் அந்தப் பிள்ளைக்குக் கைகால் பழக்கம் மட்டுமே கிடைக்கும். மற்றவை முன்பே முடிந்துவிட்டன.

வீட்டிலிருந்து போகும் தொலைபேசி அழைப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். “இன்னும் எவ்வளவு நேரமப்பா?” என்று உம்மா அன்போடுதான் கேட்கிறார். “இதோ வந்துவிட்டேன் உம்மா” என்று சொல்லிவிட்டு அந்த வார்த்தையைக் காப்பாற்ற மகன் ஆக்சிலேட்டரை அழுத்துகிறான். நிக்காஹ் நேரத்துக்கு முன் மண்டபம் சேர வேண்டும் என்றும், நோன்பு திறக்க வீட்டில் இருந்தாக வேண்டும் என்றும் புறப்படும்போதே தாமதமான பயணங்கள் சாலையில் நேரத்தை ஈடுகட்டப் பார்க்கின்றன. வழியில் ஒரு மடக்குத் தண்ணீரும் ஒரு பேரீச்சம்பழமும் போதுமானவையாக இருக்க, அந்தப் பத்து நிமிடத்துக்காக ஒரு குடும்பமே பந்தயத்தில் வைக்கப்படுகிறது. வண்டியில் இருப்பவன் ஒருவன். ஆக்சிலேட்டரின் மேல் அழுந்தும் கால்களோ பல. “மெதுவாக வா, சோறு ஆறினால் சூடுபண்ணித் தருகிறேன்” என்று வீட்டிலிருந்து போகும் ஒரு சொல், சாலையோரம் நடப்பட்ட பத்துப் பலகைகளுக்குச் சமம்.

ஆகவே பிள்ளை உரிமம் வாங்கி வந்த அன்று எவ்வளவு வேகம் போனாய் என்றோ எத்தனை நாளில் பழகினாய் என்றோ கேட்பதில் பொருளில்லை. அவனை முன்னால் உட்கார வைத்து, பக்கத்தில் நாமும் உட்கார்ந்து, ஒரு மலைப்பாதைக்கு அழைத்துச் செல்வோம். ஏறுவதைப் பார்த்துப் பாராட்ட வேண்டியதில்லை. ஏறுவதற்கு எஞ்சின் இருக்கிறது. உச்சியில் இறங்கித் தேநீர் அருந்திவிட்டுத் திரும்பும்போது, முதல் சரிவு தொடங்குவதற்கு முன்பாக, யாரும் சொல்லாமலேயே அவனுடைய இடது கை கியரைத் தேடி இரண்டுக்குக் கொண்டுவருகிறதா என்று மட்டும் பார்ப்போம். கொண்டுவந்தால், சாவியை அவனிடமே கொடுத்துவிடலாம்.